பௌர்ணமி நாள் ஈரல்

சாம்பியன் ரீப்ஸ்,
10.02.2025

கோவிந்தா,

ஜெய்பீம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. மகன் வீட்டில் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்கிறவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

போன வாரம் நீ போன் செய்தாய். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் 'ஆங், ஆங்' என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய் என்று ஒரு எழுத்து புரியவில்லை. இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தில் டிரில்லிங் மெஷின் பிடித்தவன் காதுக்குப் போன் எதற்கு? இனிமேல் எதுவானாலும் எழுது. கண் இன்னும் இருக்கிறது.

கேப்டன் குட்டி போட்டுவிட்டது. போன மாதப் பௌர்ணமி அன்று நான் விகாரைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐந்து. மூன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்றுக்கு முன்கால் மட்டும் வெள்ளை. பெட்டை என்று தெரியாமல் நீயும் நானும் கேப்டன் என்று பேர் வைத்ததற்கு அது கொடுத்த பதில் இது.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. குட்டிகளுக்கு உடம்பு குச்சி, வயிறு மட்டும் பானை. கேப்டனும் இளைத்துவிட்டது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. நேற்று அது கழிந்ததைப் பார்த்தேன். புழு. நாலு வருஷமாக அந்த நாயின் வயிற்றில் ஒரு புழுவை நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை.

மருந்துப் பக்குவத்தை மாற்றவில்லையடா. அதே மஞ்சள் பூசணி விதை, அதே பப்பாளி விதை, நிழலில் காய்ந்த வேப்பிலை, பூண்டு, மஞ்சள், எல்லாம் பொடித்து வெல்லத்தில் பிடித்த உருண்டை. கழிந்ததை அன்றன்றைக்கே அள்ளிப் புதைக்கிறேன். படுக்கிற சாக்கை வெயிலில் போடுகிறேன். பச்சை இறைச்சி கிடையாது. எல்லாம் நாம் செய்தபடிதான். யோசித்துப் பார்த்தால், போன ஜூன் மாதம் நீ பெங்களூருக்குப் போன பிறகுதான் மருந்து வேலை செய்யவில்லை. விதையை உரிக்கிறபோது நீ ஏதாவது கைப்பக்குவம் செய்வாயா? சொல். குரு தட்சிணை வேண்டுமானாலும் தருகிறேன்.

பதினோரு வீட்டுக்காரர்கள் என் பொடியை நம்பி நாய் வளர்க்கிறார்கள். பக்கத்துப் பாலகாட் சாரா டீச்சர் செவலைக்கு அடுத்த கறுப்பைக் கேட்டிருக்கிறாள். புழுக் குட்டியைக் கொடுத்தால் என் மானம் என்ன ஆவது?

யசோதா இருந்திருந்தால் இரண்டு நாளில் கண்டுபிடித்திருப்பாள். கட்டினவள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எனக்கு இப்போது கேட்பதற்கு நீதான் இருக்கிறாய். எண்ணிச் சொல்.

தர்மராஜ்


கே.ஆர்.புரம்,
14.02.2025

அன்புள்ள தர்மா,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மருமகள் ராதிகா, "இன்னா மாமா, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்கு வந்துவிட்டேன். இங்கே தனியாக இருக்க இந்தப் பால்கனிதான். ஒரு நாற்காலி போடலாம், காலை நீட்ட முடியாது.

ஐந்து குட்டி என்றதும் சந்தோஷமாக இருந்தது. கேப்டன் இந்த வயசில் தாங்கியதே பெரிது.

கைப்பக்குவம் ஒன்றும் இல்லை தர்மா. விதையை உரித்தேன், அவ்வளவுதான். நான் சொல்ல வருவது என்னவென்றால், குட்டிகள் நாலு வாரத்துக் குட்டிகள். சின்ன உடம்பு. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டினால் என்ன? மருந்துக்கு என்று இல்லை. தடுப்பூசி போடுகிற வயசு வருகிறது இல்லையா, அதற்காக என்று வைத்துக்கொள். அவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நாளைக்கே போனால் நல்லது. இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே போ.

வேறு என்ன எழுதுவது. இங்கே அடுக்குமாடியில் பதினாறு நாய் இருக்கின்றன. எல்லாம் லிஃப்டில் ஏறி இறங்குகின்றன. நம் கேப்டனை லிஃப்டில் ஏற்றினால் நம்மைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் என்று நினைத்து மிரளுமா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். இதையெல்லாம் எழுதிக்கொண்டு எழுத வேண்டியதை விட்டுவிடுகிறேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போ தர்மா.

உன்
கோவிந்தன்


சாம்பியன் ரீப்ஸ்,
22.02.2025

கோவிந்தா,

வெள்ளைக்கால் நேற்றுக் காலை செத்துப்போனது.

முந்தின நாள் வாந்தி எடுத்தது. வாந்தியில் சேமியா மாதிரி புழு, உயிரோடு. குட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் இரண்டு உள்ளங்கை நீளம்கூட இல்லாத உடம்பு, வயிறு மட்டும் இறுகிப்போய். இரண்டு உருண்டை கொடுக்கிற இடத்தில் நாலு உருண்டை கொடுத்தேன். பூண்டைக் கூட்டினேன். குப்பைமேனிச் சாறு எடுத்து ஊற்றினேன். கடைசியில் வாயைத் திறக்க அதற்குத் தெம்பு இல்லை. முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

நீ ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தாய். நீயா எழுதினாய்? கேப்டனுக்கு முன்னால் இருந்த ராஜா செத்தது உனக்கு மறந்துவிட்டதா? கடையில் வாங்கின மாத்திரை. அட்டையில் இருந்ததை நானே உடைத்து, பாதியா முக்காலா என்று கண்ணால் அளந்து போட்டேன். விடிவதற்குள் வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. என் கையால் கொன்றேன். இனி இந்த வாசலுக்குள் மாத்திரை நுழையாது என்று நான் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நீ. "சரிதாண்டா" என்று தலையை ஆட்டினவன் நீ.

அது மட்டும் இல்லை. மாத்திரை புழுவைக் கொல்லும். விதை அதை மயக்கி வெளியே தள்ளும், அவ்வளவுதான். உயிரைக் கொல்லாமல் காரியம் நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. "வெளிய வந்த புழு எங்கடா போய்க் குடித்தனம் பண்ணும்?" என்று நீ கிண்டல் செய்வாய். செய்தாலும் விதையை உரித்துக் கொடுத்தாய்.

சாரா டீச்சர் பதினாறாம் தேதியே வந்து கறுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பொடியும் கொடுத்தனுப்பினேன். மீதி மூன்றில் செவலை சரியாக இல்லை.

நான் உன்னை இப்போது சத்தியமாகக் கேட்கிறேன். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நீ கேஜிலிருந்து வெளியே வருவாய், நான் உள்ளே போவேன். எனக்குத்தான் காது கேட்காதே, நீ விரலைக் காட்டுவாய். பதினாலு ஓட்டைக்கு வெடி வைத்தோம், பதினாலும் வெடித்தது என்று. நான் மறு கேள்வி கேட்காமல் இறங்கி மெஷினைப் பிடிப்பேன். வெடிக்காத ஓட்டையில் மெஷின் முனை பட்டிருந்தால் என் எலும்பைக்கூட அள்ளியிருக்க மாட்டார்கள். ஒரு தடவை பதிமூன்றுதான் கேட்டது என்று, வீட்டுக்குப் போகாமல், எனக்காக இரண்டு மணி நேரம் ஷாஃப்ட் வாசலில் நின்றாய். அந்த ஒரு நாளை வைத்துத்தான் இத்தனை வருஷம் உன் விரலை நம்பினேன்.

இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். நான் எங்கே தவறு செய்கிறேன்?

தர்மராஜ்


கே.ஆர்.புரம்,
26.02.2025

தர்மா,

தபாலில் போட்டால் நாளாகும். நம் லைன் வீட்டுப் பாபு பெங்களூரில் வேலை முடிந்து சாயங்காலம் இந்த வழியாகத்தானே ரயிலில் வருவான், ஸ்டேஷனுக்குப் போய் அவன் கையில் கொடுக்கப் போகிறேன்.

நீ தவறு செய்யவில்லை. உன் மருந்து ஒருநாளும் வேலை செய்ததில்லை. அதுதான் விஷயம்.

கேப்டன் வந்த வருஷம் உன் பொடியைத் தின்றும் அதற்குப் புழு போகவில்லை. நீ விகாரைக்குப் போயிருந்த ஒரு பௌர்ணமி அன்று அது வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் நாயின் எடையைச் சொல்லி, கணக்காக மாத்திரை வாங்கிவந்தேன். கோழி ஈரலை வேகவைத்து, நடுவில் கீறி, உள்ளே வைத்துக் கொடுத்தேன். ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அடுத்த வாரம் நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தியாடா, பூசணி விதை!" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ராஜா போன பிறகு நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மூன்று பௌர்ணமிக்கு ஒரு தடவை. நீ பஞ்சசீலம் சொல்லப் போன நேரத்தில் நான் ஈரல் வேகவைத்தேன். யாருக்கும் தெரியாது. நான் ஒருத்தன் செய்த காரியம்.

நீ மற்ற வீடுகளுக்கும் பொடி கொடுக்க ஆரம்பித்தாய். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷம் போனது. ஜூன் மாதம் நான் ரயில் ஏறின அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீ பிளாட்ஃபாரத்தில் என் கையில் ஒரு பை பொடியைக் கொடுத்து, "பெங்களூர் நாய்ங்களும் பொழச்சிப் போட்டும்" என்றாய். வாயைத் திறந்தேன். ரயில் கிளம்பிவிட்டது என்று எழுதலாம். கிளம்பவில்லை. இன்னும் நாலு நிமிஷம் நின்றது.

குட்டிகளை இப்போதே கொண்டுபோ. குட்டிகளுக்கு எடை பார்த்துச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். கேப்டனையும் காட்டு. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள். உன் காலில் விழுகிறேன்.

கோவிந்தன்


சாம்பியன் ரீப்ஸ்,
04.03.2025

திரு. கோவிந்தன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பாபு 26ஆம் தேதி மாலை கொண்டுவந்து கொடுத்தான். தாங்கள் ஸ்டேஷன் வரை வந்ததாகவும், பெட்டி வாசலில் நின்று கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் சொன்னான். ரயிலில் இடம் இருந்ததாம்.

28ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பவ்யா என்று ஒரு டாக்டர். என் காதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கன்னடத்தில் சீட்டில் எழுதிக் காட்டினார். தாயின் உடம்பில் பதுங்கியிருக்கிற புழு, குட்டி வயிற்றில் இருக்கும்போதே அதற்குள் போய்விடுமாம். பிறந்து இரண்டு வாரத்திலேயே குட்டிகளுக்கு மருந்து தொடங்க வேண்டுமாம். நான் பொடியைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். பூண்டு நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று எழுதி இரண்டு கோடு போட்டார். விதையால் இந்தப் புழு போகாது என்று எழுதினார். அள்ளிப் புதைத்தது, சாக்கை வெயிலில் போட்டது, வேகவைத்துப் போட்டது எல்லாம் சரி, அதை விடாதீர்கள் என்றும் எழுதினார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. கேப்டனுக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, 14ஆம் தேதி, மறுபடியும்.

மிச்சம் இருக்கிறவை இரண்டு கறுப்பு. செவலையும் போய்விட்டது. ஆக இரண்டு குட்டிகள் தங்கள் கணக்கில்.

அதன் பிறகு பதினோரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என் பொடியை நிறுத்திடுங்க, அதுல ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். முதலில் சாரா டீச்சர். எனக்குக் கேட்கட்டும் என்று காதருகில் வந்து கத்தினாள்: "மன்னிச்சுக்குங்க அண்ணா, எடுத்துகினு வந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நீங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்லல." குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனியம்மா வீட்டில் பொடி டப்பாவை எடுத்து வந்தாள், நான் கொடுத்த கட்டு பிரிக்காமலே இருந்தது. பதினோரு வீட்டில் ஏழு வீட்டில் இதே கதை. ஊர் கூடி எனக்கு நாடகம் போட்டிருக்கிறது, நான் ஒருத்தன்தான் கைதட்டியிருக்கிறேன்.

மீதி நாலு வீடு என்னை நம்பிய வீடு. பாலகாட்டில் ராஜேந்திரன் தனியாக இருக்கிறார், எழுபது வயசு, டைகர் என்று ஒரு நாய் வைத்திருந்தார். டிசம்பரில் செத்துப்போயிருக்கிறது. ரத்தமாய்ப் போனதாம், ஈறு வெளுத்துப்போனதாம். எனக்குச் சொல்லவில்லை. "இன்னாத்துக்கு உங்கள கஷ்டப்படுத்தணும், அதுக்கு வயசு ஆச்சி. உங்க மருந்துனாலதான் அவ்ளோ நாள் தாங்கிச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். பொடியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். தாங்கள் மாத்திரையை ஈரலில் மறைத்தீர்கள். அதைக்கூட மன்னிக்கலாம். வெடிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும், அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லாமல் கேஜ் ஏறிப் போனீர்கள். அதை எந்தத் தொழிலாளியும் செய்ய மாட்டான். தாங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நான் கேஜ் வாசலில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருப்பேன்.

யசோதா இதைப் பார்க்காமல் போனாளே, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். இருந்திருந்தால் தங்களை வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டாள்.

இனிமேல் கடிதம் வேண்டாம்.

தர்மராஜ்


கே.ஆர்.புரம்,
07.03.2025

தர்மா,

கடிதம் வேண்டாம் என்றாய். கிழித்துப் போடுவதானால் போடு. படித்துவிட்டுக் கிழி.

என்னை 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதை மூன்று பக்கத்துக்கும் இழுத்திருக்கிறாய். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பேர் தேடப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், எனக்கும் கோபம் வருகிறது. உன்னிடம் சொல்வதற்கு நீ யாருக்காவது வழி விட்டாயா? ஏழு வீட்டுக்காரர்கள் உன்னிடம் சொல்லவில்லை. ஒருத்தன் சொல்லவில்லை என்றால் அவன் அயோக்கியன். ஊரே சொல்லவில்லை என்றால்? ராஜாவைக் கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று நீ ஒரு வருஷம் சோறு இறங்காமல் கிடந்தாய். மாத்திரை என்று எவனாவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாய். உனக்குக் காது மட்டுமா கேட்கவில்லை?

நாலாவது சீலம் பொய் சொல்லாதே. எனக்கும் தெரியும், நீ வீட்டில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல் சீலம் என்ன? உயிரைக் கொல்லாதே என்பதுதானே? கேப்டனின் உயிர் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் காப்பாற்றினேன். டைகர் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் என் பாவம். ராஜேந்திரன் உன் கையைப் பிடித்துச் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகன் விநாயக், டாக்டரிடம் போகலாம் என்கிறான். என்ன என்று சொல்வது?

யசோதாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவளுக்கு இது எதுவும் தெரியாது. ஒன்றுகூடத் தெரியாது. அவளை இதில் இழுத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. நான் ஒருத்தன் செய்தது, நான் ஒருத்தன்தான் அனுபவிக்க வேண்டும்.

வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் இந்தப் பால்கனிதான்.

கோவிந்தன்


சாம்பியன் ரீப்ஸ்,
10.03.2025

கோவிந்தா,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றுப் பொடி டப்பாக்களைத் தூக்கி எறியலாம் என்று சமையலறைப் பலகையை ஒழித்தேன். யசோதா பலகையில் பழைய மாதக் காலண்டர் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து வைப்பாள், உனக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, மாற்றலாம் என்று உரித்தேன். அடியில் இரண்டாயிரத்து இருபத்தொன்று.

ஜனவரி 28. ஏப்ரல் 27. ஜூலை 24. அக்டோபர் 20. நாலும் பௌர்ணமி. நாலு கட்டத்திலும் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'கோ. அண்ணன் - ஈரல்.' அதன் மேல் இருபத்திரண்டு, அதிலும் நாலு. இருபத்து மூன்றில் ஜூலை வரைக்கும். ஆகஸ்டில் அவள் இல்லை.

அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? 'ஈ' போட்டால் கோழி கிண்டின மாதிரி இருக்கும்.

பௌர்ணமியானால் அவளுக்கு முழங்கால் வலி வரும். "நீங்க போய்ட்டு வாங்க, என்னால நடக்க முடியாது" என்பாள். நான் அவளுக்காக விகாரையில் தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற முழங்கால் வலிக்கு மெழுகுவத்தி ஏற்றின ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

உன் மேல் கோபப்பட்டால் கடிதம் எழுதலாம். அவள் மேல் கோபப்பட்டால் என்ன செய்வது? போட்டோவைத் திருப்பி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து நானே நேராக வைத்தேன். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்ல முடிந்திருக்கிறது. இதை எந்தப் பக்கம் புரட்டினாலும் வலிக்கிறது. காது மட்டுமா கேட்கவில்லை என்று கேட்டாயே, அது அவள் கேட்ட மாதிரியே இருந்தது.

நீ மறுபடியும் பொய் எழுதினாய். 'ஒன்றுகூடத் தெரியாது.' அவளைக் காப்பாற்ற எழுதினாய் என்று புரிகிறது. என்னைக் காப்பாற்றக்கூட இருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் என்னைக் காப்பாற்றியது போதும்.

நானும் ஒன்று மறைத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குட்டி உன் கணக்கில் என்று எழுதினேன். இல்லை. உன் கடிதம் 26ஆம் தேதி மாலை என் கையில் இருந்தது. 27ஆம் தேதி காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாக்கின் மேல் செவலை எதிரில்தான் கிடந்தது. சாயங்காலம் போய்விட்டது. வெள்ளைக்கால் உன்னுடையது. செவலை என்னுடையது.

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். அப்படி ஒன்று இன்னும் எனக்குள் வரவில்லை, வரும் என்று சொல்லவும் முடியவில்லை. ஆனால் வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி கேப்டனுக்கு இரண்டாவது மாத்திரை. மாத்திரை டாக்டர் கொடுத்து என் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்குக் கொடுக்கக் கை வரவில்லையடா. நேற்று எடுத்துப் பார்த்தேன், திரும்பப் பையிலேயே போட்டேன். ராஜாதான் கண்ணில் நிற்கிறான்.

நீ வா. ஈரல் நான் வேகவைத்து வைக்கிறேன். என் கண் எதிரில் கீறி, என் கண் எதிரில் வைத்து, கொடு.

பிறகு இரண்டு பேரும் பாலகாட் போவோம். ராஜேந்திரனிடம் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். டைகர் புழுவால் சாகவில்லை, வயசாகிப் போனது என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். மீதியை நீ சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் நீதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. விகாரைக்கு நான் போகவில்லை. வீட்டில்தான் இருப்பேன்.

தர்மராஜ்